கேட்டுப்போட்டு வாரேன்

"கேட்டுப்போட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா குடையை எடுத்தால், அந்த வேலை அன்றைக்கு நடக்காது என்று அர்த்தம். யாரைக் கேட்கப் போகிறார், எந்த ஊருக்கு, எத்தனை பஸ் மாறி என்பதெல்லாம் அவர் திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் பாதி நிரப்பிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருப்போம்.

கோயம்புத்தூரில் பழைய மில் முதலாளி குடும்பம் ஒன்று நடத்தும் சின்ன மியூசியம் அது. ஏர், நுகம், மாட்டுச் சலங்கை, செக்கின் உடைந்த பாகங்கள், எஸ்டேட்டிலிருந்து வந்த கூடைகள் என்று சாமான்கள் மட்டும் கணக்கில்லாமல் கிடந்தன. ஆவணப் பிரிவு அக்காவின் பொறுப்பு. நான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். எந்தப் பொருளுக்கு என்ன பெயர், என்ன வகை என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுத ஒரு சொற்பட்டியல் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் சொம்பு என்று எழுதுவார், இன்னொருவர் செம்பு என்பார், தேடுகிறவருக்கு இரண்டில் ஒன்று அகப்படாது. எங்கள் பிழைப்பே அந்தப் பட்டியலில்தான் ஓடியது.

அக்காவுக்கு எதையும் கேட்காமல் தொடத் தெரியாது. பஸ்ஸில் காலியாகக் கிடக்கும் சீட்டில் உட்காருவதற்கு முன்னால்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் "உக்காந்துக்கட்டுங்களா" என்பார். என் மேசைமேல் இருந்த பேனாவை "எடுத்துக்கட்டுமா அம்மணி" என்று கேட்டு எடுப்பார். அது அவருடைய பேனாதான், காலையில் நான் கேட்காமல் எடுத்து வந்தது. தாராபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்வார். "சாப்புடறதுக்கும் மேலிடத்துல பர்மிஷன் வாங்கோணுமாக்கா" என்று சீண்டினால், கண்ணைத் திறக்காமலே "உனக்கும் சேத்துத்தான் கேக்கறேன், கம்முனு இரு" என்று பதில் வரும்.

மியூசியம் ஒரு கம்பெனியின் மென்பொருளை வருடக் கட்டணத்துக்கு எடுத்திருந்தது. பெங்களூர்க் கம்பெனி. சொற்பட்டியல் அதற்குள்ளேயே இருக்கும். யார் உட்கார்ந்து தயாரித்ததோ, மாட்டைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள் போல. காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, தாம்புக்கயிறு எல்லாவற்றுக்கும் அதில் இருந்த ஒரே சொல் 'கால்நடைக் கயிறு'. அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தக் கயிறு எதுக்குன்னு மாட்டுக்கே தெரியும். கம்பெனிக்குத் தெரியலையே" என்றார்.

புதுச் சொற்களை நாமே சேர்த்துக்கொள்ள அதில் ஒரு வசதி இருந்தது. எங்கள் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது. ஏனென்றால் சேர்க்கிற சொல், பொருளைக் கொடுத்தவர் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அதைச் சேர்க்கலாமா என்று அவரையே கேட்கவும் வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டுவிட்டார். போனில் கேட்டால் ஆகாது. "போன்ல கேட்டா சரீங்கன்னுதான் சொல்வாங்க. மூஞ்சியப் பாத்துக் கேட்டாத்தான் என்ன நெனைக்கறாங்கன்னு தெரியும்" என்பார். மற்ற மியூசியங்கள் ஒரே வருடத்தில் முடிக்கிற வேலையை நாங்கள் இழுத்துக்கொண்டே கிடந்தோம். எனக்குப் பொறுமை கம்மி. பல நாள் அவர் முதுகுக்குப் பின்னால் பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஒருமுறை நானும் காங்கேயத்துக்குப் போனேன். கொப்பரைக் களத்தில் வேலை செய்கிற ஒரு பெண், தேங்காய் ஓட்டிலிருந்து பருப்பை நெம்பி எடுக்கும் பழைய கம்பி ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார். களத்தில் அதற்கு வழங்கும் பெயரையும் சொன்னார். அக்கா சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, "இந்தப் பேர எங்க கம்ப்யூட்டர்ல எழுதிக்கட்டுங்களா" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதிக்கங்க. பேச்சுக்குப் போயி என்னங்க கேட்டுட்டு."

"உங்க வார்த்தை அங்க பத்திரமா இருக்குமுங்க. எப்ப வேணாலும் வந்து பாக்கலாம். உங்களுக்கு இல்லீன்னு சொல்லமாட்டோம்."

எல்லோரிடமும் கடைசியில் அவர் சொல்வது இதுதான். சம்பிரதாயத்துக்குச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மியூசியத்தை நடத்தும் டிரஸ்டில் செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். டிரஸ்டின் சேர்மன், மில் குடும்பத்து வாரிசு, நல்ல மனுஷர்தான், எதையும் படிக்கமாட்டார். கம்பெனிக் கட்டணத்தை "மெதுவாக் கட்டிக்கலாம் விடுங்க" என்று தள்ளிவைத்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் நான் திரையைத் திறந்தால் ஒரு பொருளுக்கும் பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்திலெல்லாம் எண்கள்.

எங்களைப் போன்ற பட்டியல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு பொருளின் பதிவிலும் பெயரை எழுதாமல், பட்டியலில் அந்தப் பெயருக்கு உள்ள எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தோம். எண்ணுக்குப் பக்கத்தில் பெயரைக் காட்டுவது கம்பெனியின் வேலை. கட்டணம் நின்றது, காட்டுவதும் நின்றது.

நேரம் பார்த்தா வரும் எல்லாம்? அந்த வாரமே காங்கேயத்துப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பள்ளிக்கூடம் லீவு, கோயம்புத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், அம்மாவின் வார்த்தை கம்ப்யூட்டரில் இருப்பதை மகளுக்குக் காட்டலாம் என்று வழி விசாரித்து வந்திருந்தார். நான் கம்பியின் படத்தைத் திறந்தேன். அதன் கீழே ஒரு நீளமான எண்.

"என்ர வார்த்தை எங்கீங்க?" என்றார் அந்தப் பெண். கோபமில்லை, தேடுகிற குரல்தான்.

அக்கா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மிஷின் கோளாறு என்று நான் குறுக்கே புகுந்து பொய் சொன்னேன். அக்கா அதையும் விடவில்லை. "மிஷின் இல்லீங்க. நாங்கதான். பணம் கட்டுலீன்னு பூட்டிப்போட்டாங்க" என்றார். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. "என்ர வார்த்தைக்கு நீங்க எதுக்குங்க பணம் கட்டோணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "செரி, இருக்கட்டும், நேரமாச்சு" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். பதில் மரியாதையாகத்தான் வந்தது. படங்கள் உங்களுடையவை, மென்பொருளின் பட்டியலில் சேர்க்கப்பட்ட சொற்கள் ஒப்பந்தப்படி எங்களுடையவை, உரிமத்தைப் புதுப்பித்தால் மீண்டும் தெரியும் என்று. சேர்மன் ஒப்பந்தத்தைத் தேடி எடுக்கச் சொன்னார். அப்படித்தான் இருந்தது, கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

"இத்தனை பக்கத்த யாருங்க படிக்கறது" என்றார் அவர்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றார் அக்கா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயரவில்லை. ஆனால் சேர்மன் தலையைக் குனிந்துகொண்டார்.

என்னிடம் ஒரு நகல் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே மொத்தப் பட்டியலையும் இறக்கி வைத்திருந்தேன். அக்காவைத் தனியே கூப்பிட்டு, இதை அப்படியே இணையத்தில் எல்லோருக்கும் திறந்து விட்டுவிடலாம், உரிமமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், யார் கேட்டாலும் கிடைக்கட்டும் என்றேன். எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது.

"அது அவங்க பொருள்னு நம்ம ஆளே கையெழுத்துப் போட்டாச்சு. எடுத்தாத் திருட்டு."

"நீங்க சேத்துன வார்த்தைங்கக்கா அது. ஊரு ஊராப் போயி."

"நான் எங்கத்த சேத்துனேன்? அவங்க குடுத்தாங்க. மியூசியத்துக்குன்னு கேட்டேன், மியூசியத்துக்குக் குடுத்தாங்க. ஊருக்கே தொறந்து உடறதுக்குக் கேக்குலியே." கொஞ்ச நேரம் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நீ அந்தக் காப்பிய அழிச்சுப்போடு. நான் மறுக்காப் போயிக் கேட்டுப்போட்டு வாரேன். அவங்க வாயில இருந்து புதுசா வந்தா அது கம்பெனி வார்த்தையில்லையல்லோ."

எனக்கு நாற்காலியில் சாய்ந்து அழலாம் போல இருந்தது. எவ்வளவு ஊர், எவ்வளவு பஸ். ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. நகலை அழித்தேன். சேர்மனிடமும் போய்க் கேட்டார், பட்டியலைத் திறந்து வைக்கலாமா என்று. "செலவு இல்லையில்லீங்க? அப்பச் செரி" என்றார் சேர்மன்.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். முட்டி வலி அப்போதே அக்காவுக்கு இருந்தது. கொடுமுடியில் பரிசல் ஓட்டுகிற ஒருவரிடம் பரிசலின் பாகங்களுக்கு உள்ள பெயர்களை வாங்கியிருந்தோம். அவர், "எங்க அண்ணனக் கேளுங்க, அவரு செரீன்னா எனக்கும் செரி" என்றார். அண்ணன் இரண்டு தெரு தள்ளி இருந்தார். "தம்பியக் கேட்டீங்களா? அவன் சொன்னாத்தான் நான் சொல்லுவேன்" என்றார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. காவிரிக்கரை வெயிலில் நாங்கள் தூது போய் வந்துகொண்டே இருந்தோம். கடைசியில் இரண்டு பேரும் சரி என்றார்கள், தனித்தனியாக.

கோட்டைமேட்டில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஒரு பாய் இருந்தார். இந்தத் தடவை எல்லோரிடமும் சொல்வதை அக்கா அவரிடமும் சொன்னார். "யாரு வேணாலும் பாக்கலாமுங்க பாய். எடுத்துக்கலாம். எடுத்து விக்கக்கூடச் செய்யலாம். சம்மதங்களா?"

எதற்கு இவர் விற்பதைப் பற்றியெல்லாம் சொல்லிப் பயமுறுத்துகிறார் என்று நான் அவர் கையைக் கிள்ளினேன். பாய் அடுப்பைத் தணித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எவனோ வித்துத் திங்கறதுக்கு நான் எதுக்குங்கம்மா குடுக்கோணும்?"

"வேண்டாமுன்னா வேண்டாமுங்க. எழுத மாட்டோம். ஆனா பூட்டி வெச்சா, நாளைக்கு உங்க பையனே பாக்கோணும்னாலும் காசு கேப்பாங்க. அதையும் சொல்லிப்போடறேன்."

பாய் டீ வரவழைத்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப வார்த்தைக்குப் பக்கத்துல நம்ம பேரையும் போடுங்க" என்றார். அக்காவுக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் கொடுத்தவர் பெயர். வெளியே வந்ததும், மறைத்துக் கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று முணுமுணுத்தேன். "மறச்சுக் கேட்டா அது கேட்டதாகுமா அம்மணி?" என்றார்.

காங்கேயத்துப் பெண்ணிடம் போனபோது அவர் அக்காவை உட்காரச் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "இந்த முறையாச்சும் இருக்குமுங்களா?" என்றார். அக்கா "இருக்குமுங்க" என்றார். வேறு வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

கடைசியாக வால்பாறை. பொள்ளாச்சியில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்து ஓய்ந்து, அக்கா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் தனியாக இருந்த பெரியவர், மூங்கில் குச்சி ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார். முனையில் உப்பு முடிந்த துணி கட்டியிருக்கும். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது காலில் ஏறுகிற அட்டையை அதைக்கொண்டு தொட்டால் விழுந்துவிடும். மற்றவர்கள் உப்பை வெறும் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள், அதற்குத் தனிப் பெயர் கிடையாது. குச்சியில் கட்டலாம் என்பது இறந்துபோன அவர் மனைவியின் யோசனை. அதற்கு ஒரு வேடிக்கையான பெயரும் அந்த அம்மாள் வைத்திருந்தார். முதல் தடவை அதைச் சொன்னபோது பெரியவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "எங்க ரெண்டு பேருக்குள்ள பேசிக்கிட்டதுங்க. மியூசியத்தோட வெச்சுக்கங்க. வெளிய நாலு பேரு சிரிக்கற மாதிரி ஆக்கிப்போடாதீங்க" என்றார். அதனால் அந்தப் பெயரை மட்டும் அக்கா கம்பெனிப் பட்டியலில் ஏற்றவிடாமல் மியூசியத்து நோட்டில் குறித்து வைத்திருந்தார்.

இப்போது அந்த வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னார், பெரியவர் மழைக்கு முன்னாலேயே இறந்துபோய்விட்டார் என்று. பிள்ளை குட்டி கிடையாது. அக்கா அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அங்கே எதற்குச் செருப்பைக் கழற்றினார் என்று நான் கேட்கவில்லை.

இறங்கும்போது பஸ்ஸில் சொன்னேன். "பேரைப் போட்டுடலாங்கக்கா. அழகான பேரு. அவரு ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாருங்கறதாலதான் போடக் கூடாது" என்றார் அக்கா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டியல் படங்களோடு இணையத்தில் ஏறியது. யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், பணம் வேண்டாம். பதிவுகளில் எண்ணோடு பெயரையும் எழுதினோம், புத்தி வந்துவிட்டதே. மூங்கில் குச்சிக்கு மட்டும் பெயர்க் கட்டத்தில் 'கேட்க ஆளில்லை' என்று எழுதச் சொன்னார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். இங்கேயும் எழுதப்போவதில்லை.

அக்கா ஓய்வு பெற்று தாராபுரம் போய்விட்டார். நான் இன்னும் அதே நாற்காலியில்தான். போன மாதம் அந்தப் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். நம்ம ஊர்ப் பையன், பெங்களூரில் வேலை, ரொம்ப மரியாதை. புதுப் பதிப்பு வந்திருக்கிறது, பாருங்கள் என்று சேர்மன் அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். "இந்தத் தடவை கொங்கு வட்டாரச் சொல்லு அத்தனையும் சேத்திருக்கோங்க மேடம்" என்றான்.

காட்டிக்கொண்டே போனான். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, தாம்புக்கயிறு. கொப்பரைக் களத்துக் கம்பி. பரிசல் பாகங்கள். எங்கள் படங்கள், எங்கள் வரிசை. கொடுத்தவர்கள் பெயர் மட்டும் எங்குமே இல்லை. "எஸ்டேட் பக்கம் போங்க தம்பி" என்றேன். மூங்கில் குச்சி வந்தது. அதன் கீழே, பொருளின் பெயர் என்ற இடத்தில், கொட்டை எழுத்தில்: கேட்க ஆளில்லை.

"இது என்னங்க, புதுசா இருக்குது" என்றார் சேர்மன்.

"வால்பாறைப் பக்கத்துப் பழைய சொல்லுங்க சார். தனியா இருக்கறப்ப அட்டை கடிச்சா ஒதவிக்குக் கேக்க ஆளில்லைங்கறதால வந்த பேரா இருக்குமுங்க" என்றான் பையன். பாவம், அவன் நம்பித்தான் சொன்னான்.

சேர்மன் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "என்னம்மா, வாங்கிக்கலாமா?" என்றார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நம்மளக் கேட்டாங்களா?"

"கேக்க வேண்டியதில்லைங்கக்கா. யாரு வேணாலும் எடுக்கலாம்னு நாமதான போட்டிருக்கறோம்."

"எடுக்கட்டும். அதச் சொல்லித்தான் எல்லாத்துகிட்டயும் வாங்குனேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அது பேரில்லைன்னு சொல்லியிருப்பனே. இனி எல்லா ஊர்லயும் அந்தம்மா வெச்ச பேரு இதுதான்னு எழுதுவாங்களே, அம்மணி."

எனக்கு ஆத்திரமும் அலுப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை வருடம், இத்தனை பஸ், இதற்குத்தானா? "பட்டியலப் பூட்டிடலாங்கக்கா. இப்பவே சேர்மன்கிட்டச் சொல்றேன்" என்றேன்.

"பூட்டாத. பூட்டுனா மொதல்ல வெளிய நிக்கறது குடுத்தவங்கதான். அந்தக் காங்கேயத்துப் பொண்ணுகிட்ட இருக்குமுங்கன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன்."

அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"பெங்களூர்ல அவங்க ஆபீஸ் எந்தப் பக்கமுன்னு அந்தப் பையனக் கேட்டு வை" என்றார்.

"எதுக்குங்க? ஒரு மெயில் போட்டாப் போதுங்கக்கா."

"மெயில்ல மூஞ்சி தெரியாதல்லோ."

"இந்த முட்டிய வெச்சுட்டு எப்புடிப் போவீங்க?"

"பஸ்ஸுல உக்காந்துட்டுத்தான போறேன். கேட்டுப்போட்டு வாரேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே போய், அந்தப் பையனிடம் முகவரி கேட்டேன்.